புது மினி பிசி மந்தமாக ஓடுகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

புதிதாக வந்த மினி பிசி, அதாவது கைப்பிடி அளவுப் பெட்டியில் வரும் டெஸ்க்டாப், மந்தமாக இருந்தால் பெரும்பாலோர் உடனே இறங்குவது இரண்டு வேலைகளில்: விண்டோஸை அழித்து மறுபடி போடுவது, அல்லது கூடுதல் ரேம் வாங்கி மாட்டுவது. சில நேரம் இவை பலிக்கும். ஆனால் காரணம் தெரியாமல் செய்தால் நேரமும் பணமும் போய், மந்தம் மட்டும் அப்படியே இருக்கும். அதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கெடு முடிவதற்குள் நமக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இது அமைப்பை மாற்றினால் தீரும் குறையா, பழுதான பொருளா, அல்லது அதன் ப்ராசசர் சிப்பின் திறனே அவ்வளவுதானா? மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

அதனால் எதையும் மாற்றாமல், மந்தமாக இருக்கும் அந்த நேரத்தில் கணினி உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜரில் தொடங்குங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். கணினி சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. எதைச் செய்யும்போது திணறுகிறதோ அதைச் செய்துகொண்டே பாருங்கள்.

சிபியு (ப்ராசசர்) பக்கத்தில் இரண்டு எண்கள் வேண்டும்: யூட்டிலைசேஷன் எத்தனை சதவீதம், ஸ்பீட் எத்தனை கிகாஹெர்ட்ஸ். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மினி பிசியைப் பொறுத்தவரை இரண்டாவது எண்தான் நிறையச் சொல்லும். அதன் கீழே அப்டைம் (எவ்வளவு நேரமாக ஓடுகிறது) என்று ஒன்று இருக்கும். நீங்கள் தினமும் ஷட் டவுன் செய்திருந்தும் அது பல நாள் கணக்குக் காட்டலாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம் மெமரி (ரேம்), டிஸ்க், ஜிபியு (கிராஃபிக்ஸ்) பக்கங்கள். இந்த நான்கில் எது உச்சத்தில் முட்டி நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். எதுவுமே முட்டவில்லை, எல்லாம் சும்மா கிடக்கிறது, ஆனாலும் மந்தம் என்றால் அதுவும் நல்ல துப்புதான். அப்போது திரை, மவுஸ், நெட் பக்கம் தேட வேண்டும்.

வாங்கி ஓரிரு நாள்தான் ஆகிறது. எதுவும் செய்யாதபோதும் விசிறி ஓயாமல் சுற்றுகிறது

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. புதுக் கணினி இணையத்தில் சேர்ந்ததும் மாதக்கணக்கில் சேர்ந்துபோன விண்டோஸ் அப்டேட்டுகள், டிரைவர்கள், ஸ்டோர் செயலிகள் எல்லாம் இறங்கும். தேடலுக்கான இண்டெக்ஸ் தயாராகும். விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் டிஸ்கைச் சோதிக்கும். ஒன்டிரைவில் பழைய கோப்புகள் வைத்திருந்தால் அவையும் வரும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஆதரவுள்ள கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ஷனும் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் குறியாக்கம்) தானாகவே தொடங்கிவிடும். பெரிய டெஸ்க்டாப்பில் இவ்வளவும் பின்னணியில் நடப்பதே தெரியாது. ப்ராசசருக்குள் நான்கு சிறிய கோர்களை (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளை) வைத்துக்கொண்டு ஓடும் மினி பிசியில் நன்றாகவே தெரியும்.

ஸ்லீப்பை அணைத்துவிட்டு, நெட் இணைப்போடு ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அப்டேட் பக்கத்தில் இறக்க இனி ஒன்றுமில்லை என்று வரும்வரை ரீஸ்டார்ட் கொடுத்துக் கொடுத்துப் பாருங்கள். இதற்கு முன்னால் எடுக்கும் எந்த வேகச் சோதனைக்கும் மதிப்பில்லை.

அதற்குப் பிறகும் சும்மா இருக்கும்போது சிபியு 20, 30 சதவீதத்திலேயே நின்றால், பிராசஸஸ் பகுதியில் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். சோதனைப் பதிப்பாக வந்த ஆன்டிவைரஸ் மேலே இருந்தால் நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் போதும், இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு கோப்பையும் பரிசோதிக்க வேண்டியதில்லை. சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்ற வரி ஓரிரு சதவீதத்தைத் தாண்டி நிலையாக நின்றால் வன்பொருளோ டிரைவரோ தொந்தரவு தருகிறது என்று பொருள். யுஎஸ்பியில் செருகியுள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

பெயர் புரியாத ஏதோ ஒன்று சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மினி பிசிகள் சில, பெட்டியைப் பிரிக்கும்போதே கடவுச்சொல் திருடும் மால்வேருடன் வந்தது வெளிப்பட்டது. நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டது. அதிகம் கேள்விப்படாத பெயரில் வாங்கிய பெட்டி என்றால், மந்தம் இருக்கிறதோ இல்லையோ, வங்கிக் கணக்கில் நுழைவதற்கு முன்பே விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவது நல்லது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்த விண்டோஸை யுஎஸ்பியில் ஏற்றி, டிஸ்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும் (பிரிவுகளையும்) அழித்துவிட்டு நிறுவ வேண்டும். தயாரிப்பாளர் வைத்த ரெக்கவரி பார்ட்டிஷனிலிருந்து மீட்டால் அவர்கள் போட்டதே திரும்பி வரும். முறையான உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால் வழக்கமாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். வைஃபை, ஆடியோ டிரைவர்களை மட்டும் முன்கூட்டியே வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னப் பெட்டிகளில் அவை விண்டோஸுக்குத் தானாகக் கிடைக்காமல் போவதுண்டு.

சிபியு 100 சதவீதம், ஆனால் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை

மினி பிசியின் உண்மையான கோளாறு பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் தீராததும் இதுதான்.

வேலை இல்லாதபோது சிபியு வேகம் இறங்கி நிற்பது இயல்பு. வேலை கொடுத்தபோதும் ஏறாமல் நிற்பதுதான் பிரச்சினை. இன்று மலிவான மினி பிசிகளில் அதிகம் வரும் இன்டெல் என்100 ஒரு கோருக்கு வேலை கொடுத்தால் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நான்குக்கும் கொடுத்தால் 3க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அது 0.8இல் நின்றால் நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடுகிறது என்று அர்த்தம். மவுஸ் நகரும், ஜன்னல் திறக்கும், ஆனால் எல்லாமே கனத்துப்போய் நடக்கும்.

பின்னால் நடப்பது இது. ப்ராசசரில் ப்ராக்ஹாட் என்றொரு சிக்னல் உண்டு. சூடு எல்லை தாண்டினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள அதை எழுப்பி வேகத்தைக் குறைக்கும். அதே சிக்னலை மதர்போர்டும் வெளியிலிருந்து எழுப்ப முடியும். அடாப்டரிலிருந்து போதுமான மின்சாரம் வரவில்லை, மின்வழங்கல் பகுதி சூடாகிவிட்டது, ஒரு சென்சார் தவறான அளவு தருகிறது என்று எதுவானாலும் சரி, போர்டு இந்த சிக்னலை இழுத்துப் பிடித்தால் ப்ராசசர் குளிர்ந்து கிடந்தாலும் மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பகுதியைத் திறந்தால் ப்ராக்ஹாட் வரிகள் தெரியும். சூடு 45 டிகிரி, ஆனால் ப்ராக்ஹாட் வரியில் யெஸ் என்று இருந்தால், காரணம் ப்ராசசரின் சூடு இல்லை, போர்டு ஏதோ சொல்கிறது.

முதலில் அடாப்டரைப் பாருங்கள். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பெட்டியின் அடியில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். சிறிய மினி பிசிகளில் 12 வோல்ட் நிறைய, கொஞ்சம் சக்தி வாய்ந்தவற்றில் 19 வோல்ட். இரண்டிலும் ஒரே மாதிரி உருண்டை முனை இருக்கலாம் என்பதால் வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைச் செருகிப் பார்ப்பது ஆபத்து. யுஎஸ்பி சி வழியாக மின்சாரம் எடுக்கும் பெட்டி என்றால் மொபைல் சார்ஜரையோ மானிட்டரின் யுஎஸ்பி சி போர்ட்டையோ நம்பாமல், கூட வந்த அடாப்டரை நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகிச் சோதியுங்கள். ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் போர்டு கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான்: பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் பரிந்துரைக்கப்படுகிறது. 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் யுஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும்; வோல்டேஜ் சரிந்தால் வேகமும் சரியும்.

அடாப்டர் சரி என்றால், எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் உள்ள சிறிய கண்ட்ரோலர் ஏதோ ஒரு நிலையில் சிக்கிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபடும். எளிய வேலை, ஆனால் பலமுறை பலிக்கும். அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் பக்கம். பவர் மோட் பெஸ்ட் பவர் எஃபிஷியன்சியில் இருந்தால் பேலன்ஸ்டுக்காவது மாற்றுங்கள். 24எச்2இலிருந்து எனர்ஜி சேவர் பேட்டரி இல்லாத கணினிகளிலும் வருகிறது. அது இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி வன்பொருளை எழுப்பும் மென்பொருள்) போய் லோடு டிஃபால்ட்ஸ் கொடுங்கள். பயாஸ் அப்டேட் இருந்தால், உங்கள் மாடலுக்கே உரியது என்று உறுதியானால் மட்டும் போடுங்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு போர்டு இருக்கலாம். தவறான பயாஸ் போட்டால் கணினி எழுந்திருக்காது.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து செயலி திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். திறந்த பிறகு ஒரு கனமான பக்கத்தை உருட்டும்போது விறுவிறுப்பாக இருந்தால் தவறு விண்டோஸ் பக்கம். அங்கேயும் அதே கனம் என்றால் வன்பொருளோ பயாஸோதான். விண்டோஸோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிடலாம்.

த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் வெளியிலிருந்து வரும் ப்ராக்ஹாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி உண்டு, ஒரு டிக்கை எடுத்தால் வேகம் உடனே திரும்பிவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், திரும்பிவிடும். ஆனால் புதிதாக வாங்கிய பொருளில் அதைச் செய்யாதீர்கள். தீ எச்சரிக்கை மணி அடிக்கிறதென்று அதன் வயரை வெட்டுவது போன்றது அது. பழைய, உத்தரவாதம் முடிந்த கணினியில் அது ஒரு தற்காலிக வழி. புதுசில் அப்படி ஒரு தேவை வந்தாலே அந்தப் பொருளை மாற்றிக் கேட்க வேண்டும்.

முதல் அரை நிமிடம் பறக்கிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது

இதற்கு இரண்டு காரணங்கள்தான்: சூடு அல்லது பவர் எல்லை. எச்டபிள்யூஇன்ஃபோவை ஓடவிட்டுக்கொண்டே சினிபெஞ்ச் போல சிபியுவை முழுதாக வேலை வாங்கும் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வேகம் இறங்கும்போது சூடு 95, 100 டிகிரியை ஒட்டி இருந்தால் சூடு. சூடு 65 டிகிரிதான், ஆனாலும் வேகம் இறங்கிவிட்டது என்றால் பவர் எல்லை.

பவர் எல்லையை முதலில் பார்ப்போம். இன்டெல் சிப்புகளில் பிஎல்2 என்பது குறுகிய நேரத்துக்கு இழுக்கலாம் என்று அனுமதித்த வாட், பிஎல்1 என்பது தொடர்ந்து இழுக்கலாம் என்று அனுமதித்த வாட். என்100க்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை அளவு 6 வாட். விசிறி உள்ள பெட்டிகளில் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இதைவிட உயர்த்தி வைப்பார்கள். விசிறி இல்லாத பெட்டியில் 6 வாட்டிலேயே கட்டிப்போட்டிருக்கலாம். ஒரே சிப் உள்ள இரண்டு பெட்டிகள் நீண்ட வேலையில் இவ்வளவு வித்தியாசமாக ஓடுவது இதனால்தான். விளம்பரத்தில் சிப்பின் பெயர் மட்டும் இருக்கும், எத்தனை வாட்டில் வைத்திருக்கிறார்கள் என்று இருக்காது. பயாஸில் பிஎல்1 மாற்ற இடம் இருந்தால் 2, 3 வாட் ஏற்றி, மறுபடி பத்து நிமிடச் சோதனை ஓட்டி, சூடு 85 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சூடுதான் காரணம் என்றால், அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனியுங்கள். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே 95க்குத் தாவினால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் சரியில்லை. பத்து, பதினைந்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் காற்றோட்டம் போதவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் முன்னது தயாரிப்புக் குறை. நீங்களே திறந்து பேஸ்ட் மாற்றினால் உத்தரவாதத்துக்கு ஆபத்து, திருப்பிக் கொடுங்கள். பின்னதை நீங்களே சரிசெய்யலாம். மானிட்டருக்குப் பின்னால் திருகி வைத்திருந்தால் கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். பல பெட்டிகள் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும். துணி விரித்த மேசையும், மூடிய அலமாரியும் அவற்றுக்கு ஆகாது. பக்கத்தில் ஒரு மேசை விசிறியை வைத்துச் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும். பயாஸில் விசிறி சைலன்ட் மோடில் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு சும்மா இருக்கிறது

டிஸ்க் பக்கத்தில் சதவீதத்தைவிட ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். நல்ல எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) அது சில மில்லிசெகண்டுக்குள் இருக்கும். நூற்றுக்கணக்கில் நின்றால் கணினி முழுக்க டிஸ்குக்காகக் காத்திருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன டிஸ்க் என்று தெரிய வேண்டும். மலிவான பெட்டிகளில் 64, 128 ஜிபி இஎம்எம்சி (மலிவான சேமிப்புச் சிப்) போர்டிலேயே பற்றவைத்து வரும். அதன் உச்ச வேகம் தாளிலேயே நொடிக்கு 400 எம்பிதான், சின்னச் சின்னக் கோப்புகளில் இன்னும் திணறும். விண்டோஸ் அப்டேட் ஓடும்போது அந்தக் கணினியில் வேறு எதுவும் செய்ய முடியாது. இதற்கு மருந்து அமைப்புகளில் இல்லை, உள்ளே எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் காலியாக இருந்தால் ஒரு எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை அதற்கு மாற்றுவதுதான் வழி. பணம் செலவழிப்பதென்றால் ரேமுக்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

எம்.2 என்று சொன்னவுடன் வேகம் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே வடிவத்தில் பழைய இணைப்பு முறையான சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, புதிய முறையான என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சாட்டா நொடிக்கு 550 எம்பியில் நின்றுவிடும். என்விஎம்இ, பிசிஐஇ 3.0 என்ற இணைப்பின் நான்கு லேன்களில் (தரவு ஓடும் பாதைகளில்) 3,500 வரை போகும். ஒரே லேனில் கொடுத்திருந்தால் 900ஐ ஒட்டி நிற்கும். என்100க்கு மொத்தமே 9 லேன்கள்தான், அவற்றை நெட்வொர்க், வைஃபை, எஸ்எஸ்டி எல்லாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் எஸ்எஸ்டிக்கு ஒரே லேன் தருவது சகஜம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் இப்போது எத்தனை லேனில் ஓடுகிறது, எத்தனைக்கு ஆதரவு என்று இரண்டும் தெரியும். அன்றாட வேலைக்கு ஒரு லேனே தாராளம். 900 எம்பி வருகிறதே என்று கவலைப்பட்டு டிஸ்கை மாற்றினால் எந்த வித்தியாசமும் தெரியாது.

நிஜமாகத் தொந்தரவு தருவது மட்டமான எஸ்எஸ்டிகள். பெட்டி மலிவாக இருக்கும்போது உள்ளே பெயர் தெரியாத எஸ்எஸ்டி இருப்பது வழக்கம். இவற்றில் கொஞ்சம் இடத்தை வேகமான கேஷாகப் பயன்படுத்துவார்கள். அது நிறையும் வரை எழுத்து வேகம் நன்றாக இருக்கும், நிறைந்ததும் நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே போய்விடும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது வரைபடம் முதலில் உயரத்தில் போய், திடீரென்று தரையில் விழுந்து அங்கேயே கிடந்தால் இதுதான். டிஸ்கில் இடம் நிறைய நிறைய இந்த கேஷும் சுருங்கும். ஏழில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள். சின்ன வேலைகளிலேயே ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரத்தைத் தொட்டு, கணினி சில நொடி உறைந்து உறைந்து வந்தால் அது பழுதான எஸ்எஸ்டி. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ குட் என்று காட்டினாலும் நம்ப வேண்டாம்.

மெமரி 85, 90 சதவீதத்தில் இருக்கிறது

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அதை வைத்துக் கணினியை ஆன் செய்யலாம், வேலை செய்ய முடியாது. 8 ஜிபியில் பிரவுசரும் ஒரு ஆஃபீஸ் செயலியும் ஓடும். அதற்கு மேல் டிஸ்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும்; டிஸ்க் மட்டமானதாக இருந்தால் இரண்டு குறையும் சேர்ந்து தாக்கும்.

மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில், என்ன வேகம் என்று இருக்கும். ரேம் போர்டில் பற்றவைத்ததா என்று பார்க்காமல் புது ரேம் வாங்க வேண்டாம். என்100 ஒற்றைச் சேனல் (ரேமுக்கு ஒரே தரவுப் பாதை) மட்டுமே ஆதரிக்கும், அதனால் இரண்டாவது ரேம் போட்டு வேகத்தைக் கூட்டும் பேச்சே இல்லை. ஏஎம்டி ரைசன் பெட்டியில் ஒரே ரேம் செருகி அனுப்பியிருந்தால் கதை வேறு: அதன் உள்ளமை கிராஃபிக்ஸ் சிஸ்டம் ரேமையே பயன்படுத்துவதால், இரண்டாவதைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்கினால் விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஹார்ட்வேர் ரிசர்வ்டு என்ற எண் 2, 4 ஜிபி என்று பெரிதாக இருந்தால் கிராஃபிக்ஸுக்கு என்று பயாஸில் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே போய்க் குறைக்கலாம்.

வீடியோ மட்டும் தட்டுத் தட்டி ஓடுகிறது

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே இல்லை. வீடியோவை சிபியு தனியாகச் சுமக்கிறது. இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து டிரைவர் போட்டால் முடிந்தது.

டிரைவர் இருந்தும் தட்டினால், யூடியூப் வீடியோவில் வலது சொடுக்கி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்து கோடெக் (வீடியோவைச் சுருக்கியிருக்கும் முறை) என்ன என்று பாருங்கள். ஏவி01 என்று தொடங்கினால் அது ஏவி1. என்100இல் அதற்கு வன்பொருள் ஆதரவு உண்டு. அதற்கு முந்தைய என்5095, என்5105 சிப்புகளில் இல்லை. ரைசன் 5000 வரிசை மொபைல் சிப்புகளிலும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியில் யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்புகளில் ஏவி1 தேர்வைக் குறைத்துவையுங்கள், அல்லது எச்264இஃபை போன்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போடுங்கள். பிரவுசரில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லா எண்களும் சரி, ஆனால் மவுஸ் இழுக்கிறது, ஸ்க்ரோல் விட்டு விட்டு நகர்கிறது

இந்த அறிகுறியோடு நல்ல கணினிகள் பல திருப்பி அனுப்பப்படுகின்றன என்பது என் எண்ணம். டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே திறந்து ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. 4கே திரையை எச்டிஎம்ஐ 1.4இல் இணைத்தால் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். 60 வேண்டுமென்றால் போர்ட், கேபிள், மானிட்டரின் அந்தக் குறிப்பிட்ட உள்ளீடு மூன்றும் 2.0ஆவது இருக்க வேண்டும். பெட்டியில் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் மற்றதில் செருகிப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் ரெசல்யூஷனை 1440 அல்லது 1080க்கு இறக்கி 60க்கு மாற்றுங்கள், புதுக் கணினி போல இருக்கும். டிவியில் இணைத்திருந்தால் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் டிவி ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அந்தத் தாமதம் கணினியின் தலையில் விழும்.

இன்னொரு காரணம் மினி பிசிக்கே உரியது. யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். 2012இலேயே இன்டெல் இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, புளூடூத், பழைய வைஃபை எல்லாம் அந்த அலைவரிசையில்தான். கைப்பிடி அளவுப் பெட்டியில் யுஎஸ்பி எஸ்எஸ்டிக்குப் பக்கத்திலேயே மவுஸின் டாங்கிள் (சிக்னலை வாங்கும் சின்ன யுஎஸ்பி துண்டு) செருகியிருந்தால் மவுஸ் தடுமாறும். டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு அரையடி தள்ளி வையுங்கள், அல்லது மறுபக்கத்தில் உள்ள யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். வயருள்ள மவுஸைச் செருகிப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

இணையம் மட்டும் மந்தம்

அதே இடத்தில் மொபைலை வைத்து வேகம் பாருங்கள். மொபைலிலும் மந்தம் என்றால் கணினி மேல் குறையில்லை. கணினியில் மட்டும் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள், பெட்டியை மானிட்டருக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். நெட்வொர்க் கேபிள் போட்டிருந்தால் லிங்க் ஸ்பீட் பாருங்கள்: 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் பெரும்பாலும் கேபிளில் ஏதோ ஒரு ஜோடி வயர் தொடர்பில் இல்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும்.

ஓடும்போது நன்றாக இருக்கிறது, ஆன் ஆகத்தான் நேரமாகிறது

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் லாஸ்ட் பயாஸ் டைம் என்று ஓர் எண் இருக்கும். அது பெரிதாக இருந்தால் விண்டோஸ் வருவதற்கு முன்பே நேரம் போகிறது. பயாஸில் நெட்வொர்க் பூட் (நெட்வொர்க் வழியாகக் கணினியைத் தொடங்கும் வசதி) என்பதை அணைத்து, பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். டிடிஆர்5 ரேம் உள்ள பெட்டி முதல் முறையும், ரேம் மாற்றிய பிறகும் சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்பது இயல்பு. ரேமைப் பழக்கிக்கொள்கிறது, அணைத்துவிடாதீர்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் தவறில்லை

அப்படியென்றால் சிப் அவ்வளவுதான். என்100 நல்ல சிப், ஆனால் மொத்தத்தில் அது ஆறாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ5ஐ ஒட்டிய வலு. பிரவுசர், ஆஃபீஸ், வீடியோ இவற்றுக்குப் போதும். வீடியோ எடிட்டிங்குக்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. என்4020 போன்ற இரண்டு கோர் செலரான் என்றால் பத்துப் பக்கம் திறப்பதே கஷ்டம்.

ஐ7 என்று போட்டிருந்தால் உடனே நம்பாமல் முழு எண்ணையும் படியுங்கள். ஐ7க்கு அடுத்து 5500யு என்று இருந்தால் அது ஐந்தாம் தலைமுறை, இரண்டே கோர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிப்பது, ஒருசில விலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கும் பழைய சிப்பில் விண்டோஸ் 11 போட்டு புதுசு என்று விற்றிருந்தால் சோதனையைத் தாண்டி நிறுவியிருக்கிறார்கள், அது ஒன்றே திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம்.

திருப்பிக் கொடுப்பதென்று முடிவானால்

மந்தமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் ரீசெட் செய்து பாருங்கள் என்றுதான் பதில் வரும், கெடு அதிலேயே போகும். சிபியு 100 சதவீதம், வேகம் 0.8, சூடு 45 என்று மூன்றும் ஒரே திரையில் தெரியும் படம் ஒன்று, அடாப்டரின் லேபிள் படம் ஒன்று, லினக்ஸிலும் இதேதான் என்ற ஒரு வரி. இவ்வளவு இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. எஸ்எஸ்டி பழுது என்றால் ரெஸ்பான்ஸ் டைம் தெரியும் படம் போதும்.

அனுப்புவதற்கு முன் உங்கள் கோப்புகளை வெளியே எடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைஸ் பட்டியலிலிருந்து இந்தக் கணினியை நீக்குங்கள். பிறகு ரீசெட்டில் ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள கிளீன் டேட்டாவையும் இயக்கிவிட்டு முழுதாக அழியுங்கள். மந்தமான கணினியில் இது பல மணி நேரம் எடுக்கலாம், அதனால் கெடுவின் கடைசி நாள்வரை தள்ளிப்போட வேண்டாம்.